மூன்று துண்டு வால்வு

கூபர் பீடி
தெற்கு ஆஸ்திரேலியா
12 மார்ச் 2023

நெவில்,

நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன். ஒரே ஒரு தடவை எடுத்தாய். "நீயுமா வெர்னா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்து அடுப்பில் போடுகிறவனும் முதல் நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் போடுவான். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். பிப்ரவரி மாதம் உன் ஷெட்டில் நம் பீர்ச் சங்கத்தார் கூடினோமே, புது எந்திரத்தில் நீ காய்ச்சிய முதல் பீரை ஒன்பது பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாயே, அன்றைக்கு. கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாசனை. இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருக்கிறவளுக்கு அது தெரியாதா? அதற்குப் பின்னால் மழையில் நனைந்த நாய் வாசனையும் வந்தது. நிமிர்ந்தால் எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது, உன் முகத்தைத் தவிர. நீ, சூட்டைப் பார்த்துக்கொள்ள டவிட்டா செய்து கொடுத்த கரண்டுப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, சிவப்பு எண்கள் எரிய, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

குவெண்டாதான் முதலில், "நெவ், பிரமாதம்" என்றாள். அப்புறம் டவிட்டாவும் அதையே சொன்னான். அப்புறம் நான். மூன்று பேரில் பெரிய பொய் என்னுடையதுதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். "இத்தனை வருஷத்துல நீ போட்டதிலயே இதுதான் நல்லா இருக்கு." இதைத்தானே சொன்னேன்? ஆப்பிள் தோட்டத்தில் ஏணியிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, வாசனையே தெரியாமல் போனதிலிருந்து பத்து மாதமாக நீ சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த பீரை மாவட்டக் கண்காட்சிப் போட்டிக்கு அனுப்புவாய் என்று யார் கண்டது? அதற்குள் நான் ஒன்பது மாத வேலைக்கு இந்தப் பாலைவனத்துக்கு வந்துவிட்டேன். அங்கே இருந்திருந்தால் உன் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பேன்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

வெர்னா

*

சிக்னெட், டாஸ்மேனியா
21 மார்ச்

வெர்னா,

நாலு வரி இல்லை, முழுவதையும் படித்தேன். சந்தோஷமா?

கண்காட்சி மண்டபத்தில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜாம் பாட்டில்களுக்கும் எலுமிச்சைக் கேக்குக்கும் நடுவில் என் பாட்டில் நின்றது. நடுவரின் தாளை அதன் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "பிளாஸ்திரி. ஈர நாய். ஐம்பதுக்குப் பதின்மூன்று." நான் போய்ப் பார்ப்பதற்குள் பாதி ஊர் படித்துவிட்டது. கேக்குக்குப் பரிசு வாங்கிய அம்மாள் என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி" என்றாள். எனக்கு அறுபத்துமூன்று வயது.

கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் என்னோடு நின்று காய்ச்சியவள் நீ. உப்புப் போட மறந்த சூப்பைக்கூட "நெவில், இது பாத்திரம் கழுவின தண்ணி" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னவள். மூக்கு போன பிறகு உன் மூக்கைத்தான் என் மூக்காக வைத்திருந்தேன். என் நாக்குக்கு இப்போது கசப்பும் இனிப்பும் புளிப்பும் தெரியும், அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முகமே பொய் சொன்னால் நான் எதை நம்புவது?

எந்திரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அவரவர் கொடுத்ததை அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். குவெண்டாவின் பால்பண்ணைத் தொட்டி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. டவிட்டாவின் பெட்டியைக் கழற்றப் போனேன், "கரண்டு கம்பில கை வெச்சா செத்துருவ, நான் வந்து கழட்டறேன்" என்றவன் இன்னும் வரவில்லை. நீ கொடுத்த வால்வு இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன், குறை சொல்ல முடியாது.

இத்தோடு முடிந்தது.

நெவில் கிரிக்

*

கூபர் பீடி
3 ஏப்ரல்

நெவில்,

உட்கார்ந்துகொண்டு படி.

பொட்டலம் வந்தது. தபால் நிலையத்தில் அதை என் கையில் கொடுக்கவில்லை, காலால் தள்ளினாள் அந்தப் பெண். "உள்ள என்ன, செத்த எலியா? மூணு நாளா இதோட ஒரே ரூம்ல இருக்கேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீடு பாறைக்குள் குடைந்த வீடு, ஜன்னல் கிடையாது. பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்கு ஓடத்தான் இடமில்லை.

வெளியே பளபளவென்றுதான் இருந்தது. துடைத்திருக்கிறாய், பொய் இல்லை. ஆனால் உள்ளே இருந்து வந்தது அதே வாசனை. பிளாஸ்திரி, நாய், அதற்கு மேல் அழுகலும். ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினேன். அது மூன்று துண்டாகப் பிரிகிற வால்வு, நெவில். பிரித்துக் கழுவுவதற்கென்றே செய்தது. நடுவில் உருளுகிற குண்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் விரல்நகம் அளவுக்கு ஓர் இடைவெளி. அங்கே பழுப்பாக, வழவழவென்று, உயிரோடு என்னவோ உட்கார்ந்திருந்தது. என்ன தண்ணீர் விட்டு அலசினாலும் அங்கே போகாது. வால்வைத் திறந்தாலும் மூடினாலும் அது நகராது. காய்ச்சி ஆறிய பார்லிச் சாறு அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வால்வு ஒன்பது வருஷம் என்னிடம் இருந்தது. ஒரு தடவைகூட நான் அதைப் பிரித்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் தனியாகக் காய்ச்சுவதை நிறுத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? மழைத்தண்ணீர்த் தொட்டி கெட்டுவிட்டது என்று காரணம் சொன்னேன். தொட்டி கெடவில்லை. இரண்டு தடவை பீர் இதே மாதிரி நாறியது, எனக்குக் காரணம் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. வால்வைக் கழற்றி அலமாரியில் போட்டேன். நீ எந்திரம் கட்ட ஆரம்பித்ததும் வெளியே துடைத்து, "புதுசு மாதிரி இருக்கு, வெச்சுக்க" என்று கொடுத்தேன்.

உன் பீரைக் கெடுத்தவள் நான். கெடுத்துவிட்டுக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னவளும் நான். மூக்கில்லாதவன் காய்ச்சியதால் அது கெடவில்லை. மூக்கு உள்ளவள் கொடுத்ததால் கெட்டது.

குவெண்டாவின் தொட்டியைத் திரும்ப வாங்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வெர்னா

*

சிக்னெட்
16 ஏப்ரல்

வெர்னா,

உன் கடிதத்தை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் இருந்தது, அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்த வால்வை அனுப்புவதற்கு முன்னால் கையில் வைத்து, மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தேன். பழக்கதோஷம். ஒன்றுமே இல்லை, சுத்தமான இரும்பு. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு தபால்காரிக்கு எட்டிய நாற்றம் என் மூக்கின் கீழே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. நீ கெடுத்தாயா, நான் கெடுத்தேனா என்பதை விடு. நாளைக்கு வேறு எதுவோ கெடும். அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

குவெண்டாவிடம் சொன்னேன். அவள் பால்கறக்கும் கொட்டகையில் வளர்ந்தவள், குழாய் கழுவுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "வால்வைப் பிரிக்காமலா வெச்சிருந்தா? எங்க பண்ணையில இப்படிச் செஞ்சா மாடே உதைக்கும்" என்றாள். அப்புறம் அழுதாள். அவளும் அன்றைக்குப் பொய் சொன்னதை நினைத்து ஒரு மாதமாகத் தூங்கவில்லையாம். தொட்டியை அவளே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். டவிட்டா பெட்டியைக் கழற்றவே இல்லை. கழற்றும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை, என் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தானாம்.

ஆக எந்திரம் நிற்கிறது. ஒரே ஒரு தடவை காய்ச்சுவேன். உனக்கு மூன்று பாட்டில் அனுப்புவேன். நீ குடித்துவிட்டு எழுத வேண்டும். "நல்லா இருக்கு" என்று எழுதக் கூடாது. "பிரமாதம்", "அருமை", எதுவும் கூடாது. மூக்குக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுது. கெட்டிருந்தால் கெட்டது என்று எழுது. அப்படி எழுதினால் எந்திரத்தைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு மீன்பிடிக்கப் போய்விடுவேன். மீன் நாறினாலும் எனக்குக் கவலை இல்லை.

சம்மதமா?

நெவில்

*

கூபர் பீடி
28 ஏப்ரல்

நெவில்,

சம்மதம். நோயாளியிடம் ரிப்போர்ட் சொல்வதுபோலச் சொல்வேன். அழுதால் துண்டு கிடைக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காய்ச்சுகிற அன்று என்ன நடந்தது என்று முழுக்க எழுது. இங்கே மணலும் வெயிலும்தான். வெந்த பார்லி மால்ட்டின் ஆவியைப் பற்றி யாராவது எழுதினால் போதும், குடித்த மாதிரி இருக்கும்.

வெ.

*

சிக்னெட்
29 மே

வெர்னா,

மே ஆறாம் தேதி காய்ச்சினோம். பொட்டலத்தில் மூன்று பாட்டில். ஜூன் பத்துக்கு முன்னால் திறக்காதே.

முழுக்க எழுது என்றாய். எனக்குக் கதை சொல்ல வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

முன்னால் காய்ச்சும்போதெல்லாம் எனக்கு மூக்குதான் மணி, மூக்குதான் தெர்மாமீட்டர். சாறு பொங்கி வழியப் போகிறது என்றால் ஆவியின் வாசனை மாறும், திரும்பிப் பார்க்காமலே அடுப்பைக் குறைப்பேன். இப்போது அந்த வேலையைப் பெட்டி பார்க்கிறது. எந்திரம் பாதிதான் தானாக ஓடும். சூட்டையும் நேரத்தையும் பம்பையும் அது பார்த்துக்கொள்ளும். மால்ட்டைக் கொட்டுவதும், கிளறுவதும், மணி அடித்தால் கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போடுவதும் என் கை. முழுவதையும் தானாக ஓடவிடலாம் என்று டவிட்டா சொன்னான். "அப்ப நான் எதுக்குடா?" என்று கேட்டேன். "நீ எங்களுக்கு டீ போடு" என்றான்.

மால்ட்டை வெந்நீரில் கொட்டி ஊறலைப் போட்டோம். பெட்டியில் அறுபத்தாறு டிகிரி என்று எரிந்தது. வெர்னா, ஒரு மணி நேரம் அந்த எண் அசையவில்லை. பம்பு ஊறலை அடியிலிருந்து உறிஞ்சி மேலே கொண்டுவந்து விடுகிறது, வழியில் சூடாக்கிக்கொள்கிறது, திரும்ப இறங்குகிறது. வெளியே மழை, ஷெட்டின் கதவைத் திறந்து போட்டிருந்தோம், குளிர் உள்ளே வந்தது, எண் அறுபத்தாறு. நாம் பதினாலு வருஷம் போர்வையைச் சுற்றி வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போட்டோமே. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை.

அப்புறம் அயோடின். வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு ஊறல், அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். முதல் தடவை மை மாதிரிக் கறுத்தது, மாவு இன்னும் மாவாகவே இருக்கிறது என்று அர்த்தம். இருபது நிமிஷம் கழித்துப் பாதி கறுத்தது. ஒரு மணி நேரம் ஆனதும் விட்டேன், கறுக்கவே இல்லை. டீத்தண்ணீர் நிறத்தில் அப்படியே நின்றது. மாவெல்லாம் சர்க்கரை ஆகிவிட்டது. யாரும் சர்க்கரை போடவில்லை. வெந்நீரும் தானியமும் சும்மா சேர்ந்து நின்றன, அவ்வளவுதான். இதை நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் அப்போதெல்லாம் வாசனையே வந்து சொல்லிவிடும், சாஸரை ஒப்புக்குப் பார்ப்பேன். இந்தத் தடவைதான் கண்ணால் பார்த்தேன். கையில் சாஸரோடு நின்றேன். "என்ன நெவ், கீழ போட்டுடாத" என்று குவெண்டா வாங்கி வைத்தாள்.

ஊறலை வடித்துக் காய்ச்சிய சாறு ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவினேன். பதினோரு கிராம், உள்ளங்கையில் அள்ளினால் மிளகுத்தூள் மாதிரி இருக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்குள் ஆறு டிகிரி குளிர், என் வாயிலிருந்து புகை வருகிறது. நொதிக்கிற பாத்திரத்தின்மேல் கையை வைத்தேன். சுட்டது. விறைத்த கைக்குக் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. அடுப்பு இல்லை, கம்பி இல்லை, பெட்டி அணைந்து கிடந்தது. உள்ளே அதுகள் தின்று, பெருகி, தாமாகவே சூடேறிக்கொண்டிருந்தன. மேல்குழாயில் குமிழி விடுகிற சத்தம் கடிகாரத்தைவிட வேகம். கையை எடுக்க மனம் வரவில்லை. காலை உணவு ஆறிப்போனது.

இதுவரை எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கசப்பும் கொஞ்சம் இனிப்பும் தெரிந்தன. கெட்ட பீரிலும் அவைதான் தெரிந்தன.

குவெண்டாவும் டவிட்டாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். வெர்னா சொல்கிற வரைக்கும் நாங்கள் முகர மாட்டோம் என்று சத்தியம்.

நெவில்

*

கூபர் பீடி
14 ஜூன்

நெவில்,

மூன்று பாட்டிலும் முழுசாக வந்தன. தபால்காரி கையிலேயே கொடுத்தாள், முகர்ந்து பார்த்துவிட்டு.

பத்தாம் தேதி சனிக்கிழமை, நாம் காய்ச்சுகிற நேரத்துக்கே உட்கார்ந்தேன். கோப்பையைக் கழுவி ஆறவைத்தேன்.

மூடியைத் திறந்தபோது பொங்கவில்லை. நுரை விரல் தடிமனுக்கு எழுந்து நின்றது. தேன் நிறம், அந்தப்பக்கம் விளக்கின் இழை தெரிந்தது. மூக்கைக் கொண்டுபோனேன். பிளாஸ்திரி இல்லை. மறுபடி முகர்ந்தேன். நாய் இல்லை. அழுகல் இல்லை. நீ நம்ப வேண்டும் என்பதற்காக மூன்றாம் பாட்டில் வரைக்கும் திறந்து பார்த்தேன், மூன்றிலும் இல்லை.

என்ன இருந்தது? முதலில் ரொட்டியின் கருகாத ஓரம். அடுத்து உலர்ந்த வைக்கோல், வெயிலில் கிடந்தது. ஹாப்ஸ் வாசனையில் எலுமிச்சைத் தோல், நகத்தால் கீறினால் வருமே, அது. விழுங்கிய பிறகு கசப்பு நாக்கின் இரண்டு பக்கமும் நின்று, மெதுவாக இறங்கியது. சாறு மாதிரி இனித்து ஒட்டவில்லை. பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் செம்மண், எனக்கு உன் ஷெட்டின் ஈரத்தரை ஞாபகம் வந்தது. இது வாசனை இல்லை, என் மனசு. ஆனால் எழுதிவிட்டேன்.

இனி ரிப்போர்ட்டின் அடுத்த பக்கம். குறை இருக்கிறது. இரண்டாவது மடக்கில் தெரிந்தது, சூடு ஏறஏறக் கூடியது. பச்சை ஆப்பிள். பழுக்காத ஆப்பிளை வெட்டினால் வருகிற வாசனை, சந்தேகமே இல்லை. நீ ஈஸ்ட்டை அவசரப்படுத்திவிட்டாய். குமிழி நின்றதும் பாட்டிலில் ஊற்றியிருப்பாய். அதுகளுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் கொடுத்திருந்தால் அந்த வாசனையை அதுகளே தின்று தீர்த்திருக்கும். நடுவர் என்றால் ஐந்து மதிப்பெண் குறைப்பார்.

இதை எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அறுவடை நேரம் வெர்னா, ஊர் பூரா ஆப்பிள் வாசனை அடிக்கும், எனக்கு மட்டும் இல்ல." அது உன் பீருக்குள் இருக்கிறது, உனக்குத் தெரியாமல். அது இருக்கிறது, நன்றாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடு என்று சொல்ல என் வாய் துடித்தது. ஆனால் அது குறைதான் நெவில். சரிசெய்.

எந்திரத்தைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம். மீன்கள் பிழைத்துப் போகட்டும்.

வெர்னா

*

சிக்னெட்
6 ஆகஸ்ட்

வெர்னா,

உன் கடிதத்தில் "பிளாஸ்திரி இல்லை" என்ற இடத்தில் நான் நம்பவில்லை. வைக்கோலையும் நம்பவில்லை. பச்சை ஆப்பிளுக்கு வந்த பிறகுதான் திரும்பப் போய் எல்லாவற்றையும் நம்பினேன்.

அப்புறம் ஒரு பாட்டிலைத் திறந்து, உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரி படித்து ஒரு மடக்கு குடித்தேன். ரொட்டி ஓரம் என்று படித்துக் குடித்தேன். எலுமிச்சை என்று படித்துக் குடித்தேன். ஆப்பிள் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். மூக்குக்கு ஒன்றும் வரவில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று ஒருத்தி சத்தியமாகச் சொன்ன பிறகு குடிப்பது வேறு மாதிரி இருந்தது. அழுதேன். துண்டு கிடைக்காது என்றாய், சட்டைக் கையில் துடைத்தேன்.

ஜூன் கடைசியில் திரும்பக் காய்ச்சினேன். குமிழி நின்ற பிறகு நான்கு நாள் தொடவில்லை. நேற்று ஷெட்டில் கூடினோம். சாஸேஜ் சுட்டோம். எட்டுக் கோப்பை ஊற்றினேன், உனக்குச் சொன்ன அதே விதிமுறையைச் சொன்னேன். எல்லாரும் கோப்பைக்குள் மூக்கை விட்டார்கள்.

கடைசியில் குவெண்டா, "ஆப்பிள் போயிருச்சு" என்றாள்.

டவிட்டா, "இல்ல, கொஞ்சம் இருக்கு" என்றான்.

"உன் மூக்குல இருக்கு. நீ வர்ற வழியில ஆப்பிள் தின்னுட்டு வந்திருப்ப."

"நான் தின்னது மீட் பை. ஆப்பிள் இருக்கு. கசப்பும் ஒரு படி ஜாஸ்தி."

"கசப்பு ஜாஸ்தியா? உனக்கெல்லாம் லெமனேட்தான் சரி. போய் ஓரமா உக்காரு."

அப்புறம் மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் ஆப்பிள் கட்சி, இரண்டு பேர் இல்லை கட்சி. சாஸேஜ் கருகியது. முக்கால் மணி நேரம் என் பீருக்காக அடித்துக்கொண்டார்கள். என் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை, நான் அங்கே இருப்பதே மறந்துபோனது. பிப்ரவரியில் ஒன்பது பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். பரிதாபப்படுகிறவர்கள் ஒருநாளும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள் வெர்னா. நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, சுவரோரம் நின்று, கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சாறு இறங்குகிற இடத்தில் உன் வால்வு இருந்த ஓட்டைக்கு டவிட்டா ஒரு ரப்பர்க் குழாயைச் சொருகி, இடுக்கி மாட்டி வைத்திருக்கிறான். புது வால்வு வாங்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வால்வைத் திருப்பி அனுப்பு.

நெவில்

*

கூபர் பீடி
17 ஆகஸ்ட்

நெவில்,

அனுப்புகிறேன். பூட்டி அனுப்பவில்லை, மூன்று துண்டாகவே வைத்திருக்கிறேன். நான்கு போல்ட்டும் தனி உறையில். நீயே பூட்டு. ஒவ்வொரு தடவை காய்ச்சிய பிறகும் நீயே பிரி. நவம்பரில் வந்து பார்ப்பேன். பிரிக்கவில்லை என்று தெரிந்தால் குவெண்டாவின் மாட்டை அவிழ்த்துவிடுவேன்.

ஏப்ரலிலிருந்து இதை எத்தனை தடவை கொதிக்கவைத்தேன் என்று கணக்கில்லை. இன்றைக்குப் பொட்டலம் கட்டும் முன் கடைசியாக ஒவ்வொரு துண்டையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோடு ஒட்டவைத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. நீ கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பாய், எனக்குத் தெரியும். இந்தத் தடவை உனக்குத் தெரிவதுதான் எனக்கும் தெரிந்தது.

வெர்னா